மஞ்சுளாவின் பாஸ்போட் உன் அலுமாரியில்

தம்பி,

இரண்டு நாளாய் நீ அடிக்கும் போனை நான் எடுக்காமல் இருப்பது உடம்பு சரியில்லாததால் அல்ல. அம்மாவுக்குப் பிரஷர், அதுதான் அவசரமாய்ப் போய்விட்டா என்று என் மருமகள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாளாம். எனக்குப் பிரஷரும் இல்லை, சீனியும் இல்லை. நான் கோபத்தில் இருக்கிறேன். போனில் கதைத்தால் நீ "சரியம்மா, சரியம்மா" என்று இடையில் புகுந்து என்னை முடித்துவிடுவாய். எழுத்தில் உன்னால் புக முடியாது, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கொப்பியில் எழுதியதை, இங்கே பஹ்ரைன் குதைபியாவில் நான் சமைக்கிற மெஸ் முதலாளியின் மகள் தட்டித் தருகிறாள். எழுத்துப் பிழையைத் திருத்து பிள்ளை, சொல்லில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் வாசிக்கிற மாதிரிப் போடச் சொன்னதும் நான்தான். நீயும் எல்லோரும் கேட்கத்தானே பேசினாய்.

போன வைகாசியில் உன் சிநேகிதர்கள் கூடிய மண்டபத்தில் நீ பேசியதை நான் மெஸ் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே போனில் பார்த்தேன். சண்டையில் செத்துப்போன உன் அக்கா வதனியின் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்திவிட்டு நீ பேசினாய். எங்கள் நாட்டில் சண்டை ஏன் வந்தது என்று கேட்டாய். காணிக்காக இல்லை, கொடிக்காக இல்லை, ஒரு சனம் இன்னொரு சனத்தை அடிமையாய் வைத்திருக்கலாம் என்று நினைத்தது, அதுதான் வேர், அந்த வேர் இருக்கிற மண்ணில் எப்போதாவது ஒருநாள் நெருப்புப் பிடிக்கும் என்றாய். எல்லோரும் எழும்பிக் கை தட்டினார்கள். எனக்குக் கண் எரிந்தது. வெங்காயம் என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். பத்து வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவன், பன்னிரண்டு வயதில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற அக்காவை ஷெல் அடித்து விழுத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன், இவ்வளவு தெளிவாய்ப் பேசுகிறானே என்று பெருமைப்பட்டேன். நீ சொன்னது சரி. இன்றைக்கும் அதைச் சரி என்றுதான் சொல்கிறேன். அதனால்தான் உன்னை விடமாட்டேன்.

பேரன் பிறந்தான் என்று டிக்கெட் அனுப்பினாய். மெஸ் முதலாளியிடம் ஒன்றரை மாத லீவு கேட்டு, பைக்குள் சரக்குத்தூளும் பிள்ளைக்குப் பஞ்சுத் துணியும் வைத்துக்கொண்டு வந்தேன். கட்டார் விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். காரில் போகும்போது ராஸ் லஃபான் காஸ் கம்பனியில் உன் டியூட்டி, சைட்டில் உனக்குக் கீழே நிற்கிற ஆட்கள், எல்லாம் சொன்னாய். வீட்டுக் கதவைத் திறந்தது ஒரு பிள்ளை. இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் துணி, கையில் பேரன். "வாங்கம்மா" என்றாள். அவள் வாயில் தமிழ் கேட்டதும் என் மனம் குளிர்ந்தது. நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இங்கே அவளை மஞ்சுளா என்று எழுதுகிறேன். அவளுடைய சொந்தப் பெயர் அதில்லை, அவள் யார் என்று உனக்குத் தெரியும்.

அவள் எங்கே படுக்கிறாள் என்று முதல் கிழமை நான் கேட்கவில்லை. வாஷிங் மெஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் ஒரு மெத்தை விரித்திருந்ததைப் பார்த்த பிறகும் கேட்கவில்லை. அவள் குசினியில் நின்றுகொண்டு சாப்பிடுவாள். மஞ்சுளாவின் போன் உன் மனைவியிடம் இருக்கும், வெள்ளிக்கிழமை பின்னேரம் அரை மணித்தியாலம் தருவாள். அவளுடைய பாஸ்போட், குழந்தையின் தடுப்பூசி அட்டை வைத்த நீல ஃபைலுக்குள், உன் அலுமாரியின் மேல்தட்டில். இதையெல்லாம் கண்டுகொண்டு நான் பேரனுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதில் நான் படுத்த இடமும் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்தான். எனக்குத் தெரியாத இடமில்லை அது. தெரிந்தும் கேட்கவில்லை. என் பிள்ளை வீடு என்றதும் என் கண்ணில் ஒரு திரை விழுந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் உன் மனைவி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது உன் மனைவியின் சொந்தப் போன் அடித்தது. "மாமி, ஆரெண்டு பாருங்கோ" என்றாள். எடுத்தேன். ஒரு பொடியன் அழுகிற குரலில் கேட்டான்: "அக்காகிட்டக் குடுங்கம்மா, ஒரு நிமிசம். நான் தம்பி பேசுறேன்." என்னப்பா என்றேன். "அப்பா தவறிட்டாரும்மா. சனிக்கிழமை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்டயே நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாரு. ஐயாகிட்ட அன்னைக்கே சொன்னோம், அக்காகிட்டச் சொல்றேன்னாரு. ரெண்டு நாள் பொணத்த வச்சிருந்தோம். அக்கா ஒரு வார்த்தை பேசல. கோவமாம்மா அக்காவுக்கு?"

ஐயா என்று அவன் சொன்னது உன்னைத்தான் தம்பி.

நீ வேலையால் வந்ததும் கேட்டேன். சப்பாத்துக் கழற்றிக்கொண்டே சொன்னாய். "ஓம் அம்மா, தெரியும். இப்ப சொன்னால் அவள் அழுதுகொண்டு நிப்பாள். வெள்ளிக்கிழமை துடக்குக் கழிவுக்கு அம்பது பேர் வருகினம். ஆர் வேலை செய்யிறது, நீங்களோ? முடியட்டும், நானே ஆறுதலாச் சொல்லுறன்." உள்ளே இருந்து உன் மனைவி, "மாமி, எங்களுக்கும் கவலைதான். ஆனா செத்தவர் திரும்பி வரவா போறார்?" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குழந்தைக்குப் பௌடர் போட்டுக்கொண்டே சொன்னாள். அந்தச் சாதாரணக் குரல்தான் எனக்கு இப்போதும் காதில் நிற்கிறது.

இங்கே என்னுடைய பிழையை எழுதுகிறேன். அதை மறைத்துவிட்டு உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. புதன்கிழமை அறிந்தவள் வெள்ளிக்கிழமை பொழுதுபடும்வரை வாயைத் திறக்கவில்லை. பேரனுடைய முப்பத்தோராம் நாள், நல்ல காரியம், குழப்பக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் ஐயர் வந்தார். பிறப்புத் துடக்கு, அந்தத் தீட்டு, கழியட்டும் என்று மாவிலையால் வீடு முழுக்கத் தண்ணீர் தெளித்தார். குசினி வாசலிலும் தெளித்தார். அந்தக் குசினிக்குள் தகப்பனைப் பறிகொடுத்து ஆறு நாளான ஒரு பிள்ளை, அது தெரியாமல், பெரிய சட்டியில் பாயாசம் கிண்டிக்கொண்டிருந்தாள். செத்தவீட்டுக்காரர் அடுப்பு மூட்டமாட்டார்கள், பக்கத்து வீட்டுச் சனம் கொண்டுவந்து கொடுத்துத்தான் சாப்பிடுவார்கள். இனிப்பு வாயில் வைக்கமாட்டார்கள். கோயில் படி ஏறமாட்டார்கள். இதெல்லாம் உனக்கும் தெரியும், உன் மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு துடக்கைக் கழிக்க ஐயரைக் கூப்பிட்ட நீங்கள், இன்னொரு துடக்கை ஒளித்துவைத்து அதன் கையால் பாயாசம் வாங்கிச் சாமிக்குப் படைத்தீர்கள். நானும் ஒரு கப் குடித்தேன்.

பாயாசத்தைக் கொடுத்துவிட்டு அவள் எல்லோருக்கும் சிரித்தாள். வந்த பெண்டுகளில் ஒருத்தி, "உங்களுக்கு நல்ல பிள்ளை கிடைச்சிருக்கு. தமிழும் கதைக்குது, கைச்சுத்தமும் இருக்கு. எங்கடது மூண்டு மாசத்தில ஓடிட்டுது" என்றாள். உன் மனைவி, "எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வைச்சிருக்கிறம்" என்றாள். நீ தலையாட்டினாய். அந்தப் பின்னேரம் மஞ்சுளா போனுக்காக வந்து நின்றபோது, "இண்டைக்கு வேலை கூட, நாளைக்கு எடுப்பம்" என்று நீதான் சொன்னாய். எங்கட வீட்டுப் பிள்ளை.

சனம் போன பிறகு, விளக்கு வைக்கிற நேரம், குசினித் தரையில் அவளை இருத்திச் சொன்னேன். சத்தமில்லாமல் அழுதாள். பிள்ளை எழும்பிவிடுமாம். வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்சம் பொறுத்து என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, ஒங்களுக்கு எப்பங்க தெரியும்?" என்று கேட்டாள். நான் "இண்டைக்குத்தான் பிள்ளை" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது ஒடனே சொன்னீங்களே" என்றாள். தம்பி, என் வாழ்க்கையில் நான் பட்ட அடிகளில் அந்தக் கைபிடி போல ஒன்று இல்லை. அவள் இதை வாசிப்பாளோ தெரியாது. வாசித்தால், பிள்ளை, நான் உனக்குப் பொய் சொன்னேன். எனக்குப் புதன்கிழமையே தெரியும்.

பிறகு நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அதைத் திறந்து தன் படத்தைப் பார்த்தாள். மூடித் திருப்பித் தந்தாள். "வேணாங்கம்மா. ஐயா கையால குடுக்கட்டும். நானா எடுத்துக்கிட்டுப் போனா ஓடிப்போயிட்டானு போலீசுல எழுதிக் குடுத்துருவாங்க. அங்க ஏஜென்சிக்காரன் என் தம்பி கழுத்தத்தான் புடிப்பான்" என்றாள். அதனால்தான் அது திரும்பவும் உன் மேல்தட்டில் இருக்கிறது. பயத்தில் மட்டும் திருப்பித் தந்தாள் என்று நினைக்காதே. கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளை. கதவு திறந்திருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை, யார் திறந்தார்கள் என்று பார்த்தாள்.

சனிக்கிழமை உன்னோடு சண்டை பிடித்தேன். அவளை அனுப்பு, பதினாறாம் நாள் கருமாதிக்காவது போகட்டும் என்றேன். நீ என்னென்னவோ சொன்னாய். கொன்றாக்ட் முடியவில்லை, போனால் திரும்பி வரமாட்டாள், பிள்ளைப்பேற்று லீவு முடிந்து மனைவி வேலைக்குப் போகவேண்டும், எல்லா வீட்டிலும் இப்படித்தான். பாஸ்போட்டை வைத்திருப்பது இந்த நாட்டுச் சட்டத்திலேயே பிழை என்று உனக்குத் தெரியும், சைட்டில் உன் ஆட்களுடைய பாஸ்போட்டைக் கம்பனி எடுத்தால் நீயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கிறவன் என்று காரில் வரும்போது நீதான் சொன்னாய். அதைக் கேட்டேன். அது வேறை, இது வீடு என்றாய். கடைசியாய் ஒன்று சொன்னாய். "அம்மா, உங்கட பாஸ்போட்டும் மேடத்திட்டத்தானே இருந்தது. நீங்கள் நல்லாத்தானே இருந்தீங்கள்? எத்தினை தரம் சொல்லியிருக்கிறீங்கள், தங்கமான சனம், தங்கட பிள்ளை மாதிரி வைச்சிருந்தவை எண்டு."

நான் என் பையைக் கட்டினேன். நீ வென்றுவிட்டாய் என்று நினைத்திருப்பாய். பதில் இல்லாமல் அல்ல தம்பி. பதில் பதினைந்து வருசம் பழையது, ஒரே மூச்சில் வெளியே வராது. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

சவூதியில், அல் கோபாரில் நான் வேலை செய்த வீடு தங்கமான வீடு இல்லை. நான் உனக்கு அனுப்பிய படங்களில் நான் இருந்த சோபா, மேடம் ஊருக்குப் போயிருந்த நாளில் ஆதம் என்ற டிரைவரைக் கொண்டு எடுப்பித்தது. மற்ற நாளில் அந்தச் சோபாவைத் துடைக்கலாம், இருக்கக்கூடாது. கையில் இருந்த வளையல் பாத்றூமில் மேடம் கழற்றி வைத்தது, படம் எடுத்ததும் திருப்பி வைத்தேன். போனில், உங்கள் இரண்டு பேரையும் வைத்துப் பார்த்த உன் சின்னம்மாவிடம் "நல்ல வீடு, நல்ல சனம்" என்பேன், மேடம் பக்கத்தில் நின்றாலும் சொல்வேன், நிற்காவிட்டாலும் சொல்வேன். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன எந்தப் பெண் ஊருக்கு உண்மையைச் சொன்னாள்? சொன்னால் ஒன்று நீங்கள் அங்கே பச்சைத்தண்ணீர் இறங்காமல் கிடப்பீர்கள், இல்லாவிட்டால் ஊர் வேறு மாதிரிக் கதைக்கும். அதனால் நாங்கள் எல்லோரும் நல்ல வீட்டில்தான் இருந்தோம். ஒருத்தி கையில் சூடு பட்ட தழும்போடு இருந்துகொண்டு நல்ல வீடு என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

வதனி செத்த செய்தி எனக்கு உடனே தெரியும், பாதை பூட்டியிருந்ததால் வரமுடியவில்லை என்று உனக்குச் சொன்னேன். அது பொய். எனக்கு இருபத்து மூன்று நாள் தெரியாது. நீங்கள் முகாமுக்கு வந்து சேர்ந்ததும் சின்னம்மா ஆரையோ பிடித்து அந்த வீட்டுக்குப் போன் எடுத்து, ஏஜென்சியையும் கொண்டு சொல்லுவித்தாள். மேடம் கேட்டாள், சரி என்றாள், போனை வைத்தாள். அந்த வீட்டில் மகளுக்குக் கல்யாணம். என் மகள் மண்ணுக்குள் போன பிறகு இருபத்து மூன்று நாள் நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பேரீச்சம்பழத் தட்டும் காப்பித் தட்டும் தூக்கினேன். அவர்கள் குலவை போட்டபோது நானும் போட்டேன். மேடத்தின் தங்கச்சி, இந்தப் பெண் எப்போதும் சிரித்த முகம் என்று என் கன்னத்தில் தட்டினாள். நீ அகதி முகாமில் அம்மா எப்போது கதைப்பா என்று சின்னம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த நாள்களில் எனக்குக் கோபம் என்று நீ நினைத்தாயா? அதைக் கேட்க எனக்கு இத்தனை வருசமும் தைரியம் வரவில்லை. அந்தப் பொடியன் போனில் அதையே கேட்டபோது எனக்கு உன் குரல் கேட்டது.

எனக்குச் சொன்னது ஆதம். சூடான்காரன். அவனுடைய ஊர் மலைப்பக்கம், அங்கேயும் சண்டை. மேடத்தின் சின்னப் பிள்ளை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். அரபியில் அடிமைக்கு உள்ள சொல்லால்தான் கூப்பிடுவான், வீட்டுக்காரர் சிரிப்பார்கள். நானும் அவனும் கார் கழுவுகிற இடத்தில் அரை அரபியிலும் அரை ஹிந்தியிலும் கதைப்போம். ஒருமுறை கேட்டேன், உங்கள் ஊரில் என்னத்துக்குச் சண்டை பாய்? அவன் சொன்னான்: "ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, சிஸ்டர். எண்ணெய்னு சொல்லுவாங்க, மழை இல்லைன்னு சொல்லுவாங்க, சாமின்னு சொல்லுவாங்க. என் அப்பாவோட அப்பாவைக் குதிரைக்குப் பின்னால கட்டி இழுத்துட்டுப் போய் வித்தாங்க. அவர் ஒரு வீட்ல ஆடு மேய்ச்சார், கிழவன் ஆகற வரைக்கும். அவரைக் கூப்பிட்ட சொல்லாலதான் இந்தப் பையனும் என்னைக் கூப்பிடறான். அந்தச் சொல்லுதான் சண்டை." பிறகு சிரித்துக்கொண்டு சொன்னான். "அந்த வீட்டு ஆளுங்களைக் கேட்டுப் பாரு. எங்க பிள்ளை மாதிரி வச்சிருந்தோம், யார் வந்து கெடுத்தாங்கன்னே தெரியலைம்பாங்க."

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மேடம் டெலிபோனில் கதைத்ததைத் தான் கேட்டதாய்ச் சொன்னான். உன் பெண் பிள்ளை இல்லை, சிஸ்டர், என்றான். அவன் சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். நான் போட்ட சத்தத்தில் வீடு முழுக்க ஓடிவந்தது. அந்தக் கிழமையே அவனைக் கலாஸ், வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். சண்டை நடக்கிற ஊருக்கு. அவன் போய்ச் சேர்ந்தானா, இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. மேடம் என்னிடம் வந்து, நீ தாங்கமாட்டாய் என்றுதான் சொல்லவில்லை, நீ எனக்குத் தங்கச்சி மாதிரி என்று அழுதாள். உண்மையாய்த்தான் அழுதாள். பாஸ்போட்டைக் கேட்டேன். அழுதுகொண்டே, கொன்றாக்ட் முடியட்டும் என்றாள். இன்னும் பதினான்கு மாதம் அங்கே இருந்தேன். வதனிக்கு எட்டாம் நாள் காரியமும் செய்யவில்லை, முப்பத்தோராம் நாள் காரியமும் செய்யவில்லை, எந்தக் கடலிலும் அவளுக்காகத் தலை முழுகவில்லை.

இதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருந்தால், நீ சனிக்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டாய். சின்னப் பிள்ளை, தாங்கமாட்டாய் என்று நினைத்தேன். மேடமும் என்னை அப்படித்தான் நினைத்தாள், பார்த்தாயா. நான் அனுப்பிய படத்தையும் என் பொய்யையும் வைத்துத்தான் நீ உன் வீட்டைக் கட்டியிருக்கிறாய். வேலைக்கு நிற்கிறவள் சிரித்துக்கொண்டு நின்றால் அவள் சந்தோசமாய் இருக்கிறாள் என்று உனக்குப் படிப்பித்தது நான். அதனால் இந்தக் கோபத்தில் பாதி எனக்கு. ஆனால் மற்றப் பாதி உனக்குத்தான், அதை நான் குறைக்கமாட்டேன். நீ படித்தவன். நீ இருபத்தேழு வயது ஆம்பிளை. மைக்கைப் பிடித்து வேர் எது என்று அம்பது பேருக்குச் சொன்னவன்.

உன் பேச்சில் நீ விட்டுவிட்ட ஒன்றையும் சொல்லுகிறேன். எட்டு வயதில் நான் என் தாயோடு ஒரு பெரிய வீட்டுக்கு மா இடிக்கப் போவேன். முன் வாசலால் போகக்கூடாது. பின் கோடியில் நிற்கவேண்டும். தேத்தண்ணி கோப்பையில் வராது, தேங்காய்ச் சிரட்டையில் வரும். கிணற்றில் கை வைக்கக்கூடாது, அவர்களாய் அள்ளி ஊற்றினால் கையை ஏந்திக் குடிக்கவேண்டும். அந்த வீட்டில் இருந்தவர்களும் தமிழ்தான் கதைத்தார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்களும் போனார்கள். எங்களைக் கேட்டால் எங்கட ஆக்கள், எங்கட வீட்டுக்கு ஊழியம் செய்யிற குடிமக்கள் என்பார்கள். பிறகு ஒருநாள் அவர்களையும் இன்னொருத்தன் சிரட்டையோடு நிற்கச் சொன்னபோதுதான் அவர்களுக்குச் சுட்டது. நியாயமான சூடுதான். ஆனால் எனக்குச் சுட்டபோது ஒருத்தரும் மண்டபம் எடுக்கவில்லை. சண்டை ஒருநாளில் வெடிப்பதில்லை தம்பி. அது ஒவ்வொரு குசினியிலும், ஒவ்வொரு பின் கோடியிலும், இவளுக்கு இது போதும் என்று ஒருத்தர் நினைக்கிற இடத்தில் கிடக்கிறது. உன் வீட்டில் அது அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மெத்தை விரித்துக் கிடக்கிறது. உன் மகன் தவழத் தொடங்கினால் முதலில் அந்தக் கதவடிக்குத்தான் போவான். அவன் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்று நீ யோசித்தாயா? அந்தச் சூடான்காரனைக் கூப்பிட்ட பிள்ளையும் ஒருநாள் தவழ்ந்த பிள்ளைதான். தாய் தகப்பன் முகத்தைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லைப் படித்தான்.

உன் மனைவியை மட்டும் குற்றம் சொல்லி நீ தப்பாதே. பச்சை உடம்புக்காரி, தனிய ஒரு ஊரில், தூக்கமில்லாமல் இருக்கிறாள். அவளுக்கு உதவி வேண்டும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. உதவிக்கு வந்தவள் போகலாம், வரலாம், கதவை அவளே திறக்கலாம், தகப்பன் செத்தால் செய்தி அவளுக்கு முதலில் வரும். அப்படி ஒருத்தியை வைத்திரு, நான் வந்து அவளோடு ஒன்றாய் இருந்து சாப்பிடுகிறேன்.

இப்போது கேள். இன்று செவ்வாய்க்கிழமை, அந்த மனுசன் செத்துப் பதினோராம் நாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினாறு. தோட்டத்து லயத்து வீட்டில் கருமாதி. மஞ்சுளாவுக்கு வெள்ளி இரவுக்குள் நீ டிக்கெட் எடுக்கவேண்டும். பாஸ்போட்டை உன் கையால் அவள் கையில் கொடுக்கவேண்டும், விமான நிலையத்தில் அல்ல, வீட்டில், உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் முன்னால். போனையும் கொடு. திரும்பி வருவதும் வராததும் அவள் விருப்பம் என்று உன் வாயால் சொல்லு. தகப்பன் செத்த சனிக்கிழமையே உனக்குத் தெரியும் என்பதையும் சொல்லு. மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லமாட்டேன், அது உன் பாடு.

நான் முதலாளி வீட்டம்மாவிடம் திரும்பவும் லீவு கேட்டேன். "என்னம்மா, முந்தாநாத்துத்தான வந்து எறங்குனீஹ, அதுக்குள்ள ஊருக்கா? சோத்துக்கு ஆளுக கதவத் தட்டுவாஹளே" என்றாள். விசயத்தைச் சொன்னேன். "போயிட்டு வாங்க, நான் பருப்பாணம் காச்சிப் போட்டுக்கிர்றேன்" என்றாள். என் பாஸ்போட் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது, யாரிடமும் கேட்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை இங்கிருந்து கொழும்புக்குப் போகிறேன். அங்கிருந்து மலைக்குப் பஸ். தோட்டத்தின் பெயரையும் லயத்து நம்பரையும் அந்தப் பொடியனிடம் வாங்கிவிட்டேன்.

ஞாயிறு காலையில் நான் அந்த வாசலில் நிற்பேன். மஞ்சுளா வந்திருந்தால் நான் ஒன்றும் கதைக்கமாட்டேன், பின்னால் போய்ப் பாத்திரம் கழுவுவேன், என்னை யாரென்று கேட்டால் கட்டாரில் தெரிந்த அம்மா என்று அவளே சொல்லட்டும். அவள் வராவிட்டால், புருசன் செத்து மகளின் குரலும் கேட்காமல் இருக்கிற மஞ்சுளாவின் தாய்க்கு முன்னால் தரையில் இருந்து, உன் மகளைப் போகவிடாமல் வைத்திருக்கிறவனைப் பெற்றவள் நான் என்று சொல்லுவேன். இந்தக் கடிதத்தில் உன் பெயரை எழுதவில்லை. அங்கே சொல்லுவேன்.

அம்மா